பத்தொன்பது ஒய்டு

கிரிக்கெட் ஸ்கோர் நோட்டில் செல்வண்ணனின் ஒய்டுகளை மாற்றி எழுதியது நான்தான். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. தெரியாமலும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மாடியில் உட்கார்ந்து பென்சிலும் ரப்பருமாக நிதானமாகச் செய்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. இப்போது மகளின் குழந்தை என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறது. இத்தனை வருடங்களில் இதை மூன்றே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சோமனூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவின் தறி ஷெட். இருபத்து நான்கு தறிகள். நான் தினமும் கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் போய் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். அங்கே நான் சோமனூர்க்காரன். சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால் முதலாளி வீட்டுப் பையன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. தெருப் பையன்களோடு விளையாடப் போனால் எனக்கு மட்டும் பந்தை உருட்டிவிடுவார்கள். ஸ்டம்பு விழுந்தாலும், "அது நோ பாலு, நீங்க ஆடுங்க" என்பார்கள். அவர்களில் பாதிப் பேரின் அப்பா எங்கள் ஷெட்டில் தறி ஓட்டினார். அவுட்டே ஆகாமல் ஒரு மணி நேரம் நின்று ஆடுவது எவ்வளவு தனிமையான காரியம் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊருக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. கோடையில் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் போட்டிகளுக்கெல்லாம் போகும். மட்டையும் பிட்சில் விரிக்கும் மேட்டும் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அப்பாதான் தலைவர். அவருக்குக் கீழே கமிட்டி என்று மூன்று பேர்: சித்தப்பா, தறிக்கு பாபின் விற்கும் கடைக்காரர், ரிட்டையரான டிரில் மாஸ்டர். அப்பா வாழ்நாளில் ஒரு பந்துகூடப் போட்டதில்லை. ஆனால் ஷெட்டை நடத்துகிற விதத்திலேயே அணியையும் நடத்தினார். ஷெட்டில் ஒரு நோட்டு உண்டு. எந்தத் தறியில் யார், எந்த ஷிப்டில் எத்தனை மீட்டர் நெய்தார் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு வாரம் மீட்டர் குறைந்தால் அந்த ஆளுக்குத் தறி இல்லை. காய்ச்சலா, நூல் மட்டமா என்றெல்லாம் கேட்க மாட்டார். "நாம பாத்தா பாவம் பாப்பமுங்க. நோட்டுக்கு அதெல்லாம் தெரியாது" என்பார். அதே கட்டம் போட்ட நோட்டு ஒன்றைத்தான் கிரிக்கெட்டுக்கும் கொடுத்தார். அதில் ஸ்கோர் எழுதுகிறவன் நான். மைதானத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

அந்த வருடம் கோடை தொடங்கும்போதே கமிட்டி ஒரு பெரிய தவறு செய்திருந்தது. சித்தப்பாவின் யோசனை அது. சூலூர் அணியில் ஒரு பேட்ஸ்மேன் சிக்ஸராக அடிக்கிறான் என்று கேள்விப்பட்டு, கோடை முடியும்வரை நம் பவுலர்கள் இரண்டு பேரை அங்கே ஆடவிட்டு, பதிலுக்கு அவனை இங்கே கூட்டிவந்தார்கள். ஊரே அதைப் பேசியது. பேச்சு நடந்த இடம் பஸ் ஸ்டாப் பேக்கரி. கிரிக்கெட்டைப் பற்றித் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் ஒரு டீயும் ஒரு தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு அங்கே நின்று கமிட்டியைக் கிழிப்பார்கள். நான் தலைவரின் மகன் என்பது அங்கே யாரையும் தடுக்கவில்லை. எனக்கும் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள்.

"ஏனுங்க, ரெண்டு பவுலரத் தாட்டியுட்டுப்போட்டு ஒரு பேட்ஸ்மேனப் புடிச்சாந்தீங்களே, இன்னிக்கு எத்தன அடிச்சானுங்க?" இது லாரி ஆபீஸ்காரர்.

"நாலு ரன்னுங்க" என்றார் டீ மாஸ்டர்.

"பிரியாணி?"

"அது ரெண்டு பிளேட்டுங்க."

"அடிக்கறதுக்கு நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தன் இருக்கறானுங்க. போடறதுக்கு ஆளெங்கீங்க? பாபின் கடைக்காரர் பையன் ஒருத்தன் போட்டா ஆச்சா? அவன் போடற பந்து வர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சுப்போடுவேன்."

எங்களுக்கு ஒரு பவுலர் வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த பவுலர் எங்கள் ஷெட்டிலேயே இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வராசு என்கிற செல்வண்ணன் வால்பாறையிலிருந்து எங்கள் ஷெட்டுக்குத் தறி ஓட்ட வந்தவர். அப்பா இல்லை. அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டு, தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒன்றில் இருந்தார். செல்வண்ணனுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். சாயங்காலம் டீக்கு விடும் அரை மணி நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால், கழிவுப் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய சந்தில், அவர் எனக்கு டென்னிஸ் பந்து போடுவார். முதல் நாளே, முதல் பந்திலேயே, பின்னால் ஸ்டம்பாக வைத்திருந்த காலி நூல்பெட்டி எகிறிப் போய் விழுந்தது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் நோ பால் என்று சொல்லவில்லை.

"அவுட்டுங்க கண்ணு" என்றார். "பந்தப் பாருங்க. என் மூஞ்சிய எதுக்குப் பாக்கறீங்க? அங்க என்ன எழுதியா வச்சிருக்குது?"

அன்று ஏழு முறை அவுட் ஆனேன். அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாயங்காலம் எனக்கு இருந்ததாக நினைவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நடந்தது. என்றைக்காவது ஒரு பந்து மட்டையில் சரியாகப் பட்டுவிட்டால், "அடிச்சுப்போட்டீங்களே!" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிப்பார். அந்த ஒரு பந்துக்காகப் பள்ளிக்கூட பஸ்ஸில் வரும்போதே எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும்.

பெருமை தாங்காமல் நானேதான் அவரைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு டிரில் மாஸ்டர் மேட் விரித்து அவரைப் பந்து போடச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது பந்தில் ஒரு ஸ்டம்பு நடுவில் உடைந்தது. அன்றே அணியில் சேர்த்துவிட்டார்கள். முதல் போட்டியில் ஐந்து விக்கெட். பேக்கரியில் அவருக்கு டீயும் பன்னும் இலவசமானது.

அதோடு என் சந்து காலியானது. டீ நேரத்தில் அவர் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகலாம் என்று அப்பா அனுமதி கொடுத்திருந்தார். நானும் நோட்டோடு போய் ஓரத்தில் உட்காருவேன். அவர் எல்லாருக்கும் பந்து போட்டார். எல்லாருடைய ஸ்டம்பும் விழுந்தது. எல்லாரிடமும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். நடுவில் என் பக்கம் பார்த்து ஒருமுறை கையாட்டுவார். வீட்டுக்கு வந்து நான் சந்துச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை மறுபடியும் அடித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து சேர்ந்து நடந்து வந்தோம். அவர் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னார்.

"கண்ணு, பைனலுக்கு மில்லுல இருந்து ஆள் வர்றாங்களாம். நல்லாப் போட்டா எடுத்துக்குவாங்கன்னு டிரில் மாஸ்டர் சொன்னாரு. பர்மனென்ட் வேலைங்க. குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாம். எங்கம்மாவுக்கு முதுகு போயிருச்சு, இன்னும் கூடை தூக்குது. கூட்டிட்டு வந்து கீழ வெச்சுக்குவேன்."

கோயமுத்தூர் மில் ஒன்று தன் அணிக்காக ஆட்களை இப்படித் தேடி எடுப்பது அப்போது வழக்கம். அவர் சொன்ன எல்லாமே எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் காதில் நின்றது ஒன்றுதான்: இவர் போய்விடுவார்.

பைனலுக்கு முந்திய ஞாயிறுதான் நான் மாடியில் உட்கார்ந்தது. அதற்குள் அவர் ஆடியிருந்த போட்டிகள் மூன்று. மூன்றிலும் சேர்த்து அவர் போட்ட ஒய்டு, அதாவது பேட்ஸ்மேனுக்கு எட்டாமல் விலகிப் போன பந்து, ஐந்து. பாபின் கடைக்காரரின் மகன் போட்டது பத்தொன்பது. நான் ஒவ்வொரு ஓவராக அழித்து, இவருடைய ஒய்டுகளை அவனுக்கும், அவனுடையதை இவருக்கும் மாற்றினேன். அணி கொடுத்த மொத்த ஓட்டத்தில் ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. யார் கூட்டிப் பார்த்தாலும் சரியாக வரும். கணக்குப் பாடத்தில் நான் நல்ல மாணவன்.

அணியிலிருந்து எடுத்துவிட்டால் அவர் மறுபடி சந்துக்கு வருவார். அவ்வளவுதான் என் திட்டம்.

செவ்வாய்க்கிழமை நூல் குடோனில் கமிட்டி கூடியது. பைனலில் சூலூர் பேட்ஸ்மேனுக்கு இடம் வேண்டும், அதனால் பவுலர்களில் ஒருவர் வெளியே என்று சித்தப்பா தொடங்கினார். யார் என்பதில் பேச்சு இழுத்தது. டிரில் மாஸ்டர் செல்வண்ணன் இருந்தே ஆக வேண்டும் என்றார். பாபின் கடைக்காரர், தன் மகன் பேச்சு என்பதால், நூல் கோன்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "நோட்டப் படி" என்றார்.

படித்தேன். பாபின் கடைக்காரரின் மகன், ஐந்து ஒய்டு. செல்வராசு, பத்தொன்பது.

"பத்தொம்போதா?" என்றார் டிரில் மாஸ்டர். "மூணு மேட்ச்சும் நான் கிரவுண்டுலதான் நின்னனுங்க. அத்தன நான் பாக்கலீங்களே."

"அவன் வேகத்துக்கு இருக்குமுங்க" என்றார் சித்தப்பா. "விக்கெட்டப் பாத்துக் கைதட்டிட்டு இருந்தா ஒய்டு எங்க கண்ணுக்குத் தெரியுது?"

அப்பா என்னைப் பார்த்தார். "பாத்துத்தான எழுதுன?"

"ஆமாங்கப்பா."

"அப்பறம் என்னங்க மாஸ்டர்? உங்க கண்ணு பெருசா, நோட்டுப் பெருசா?"

அவ்வளவுதான், முடிந்தது. மறுநாள் பேக்கரியில் விஷயம் தெரிந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். "ஸ்டம்பு ஒடையறது ஊருக்கே தெரிஞ்சுதுங்க" என்று டீ மாஸ்டர் கத்தினார். "ஒடையறது சரிங்க, ஒய்டு எத்தன? நோட்டுல இருக்குதா இல்லயா?" என்றார் லாரி ஆபீஸ்காரர். "நோட்டு வந்து பவுலிங் போடுமாங்க பைனல்ல?" என்றார் டீ மாஸ்டர். ஆனாலும் கமிட்டி அசையவில்லை.

செல்வண்ணன் சண்டை போடவில்லை. அன்று டீ நேரத்தில் என்னிடம் வந்து நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். பஞ்சு ஒட்டிய விரலை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து, உதடு அசையாமல் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். ரப்பர் தேய்ந்த இடங்கள் லேசாக அழுக்காகத் தெரிந்தன.

"இவ்வளவா கண்ணு போட்டிருக்கறேன்?"

நான் தலையாட்டினேன்.

"எனக்கு நேராப் போற மாதிரிதாங்க இருந்துச்சு" என்றார். பிறகு நோட்டை மூடி, மேலே இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "நீங்க தப்பா எழுத மாட்டீங்க."

பைனலில் அவர் தண்ணீர் பாட்டில் தூக்கினார். பாபின் கடைக்காரரின் மகன் ஒரே ஓவரில் ஐந்து ஒய்டு போட்டான். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். மில்லிலிருந்து வந்தவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தோற்றோம். எங்கள் பக்கத்து ஆட்கள் யார் பெயரையும் அவர் கேட்கவில்லை.

நான் நினைத்ததுபோலவே செல்வண்ணன் சந்துக்கு வந்தார். பைனல் முடிந்து மூன்றாம் நாள், டீ நேரத்தில். நூல்பெட்டியை நானே எடுத்து வைத்தேன். அவர் இரண்டடி மட்டும் நடந்து வந்து பந்து போட்டார். அடித்தேன். அடுத்ததையும் அடித்தேன். அன்று எல்லாப் பந்தும் மட்டையில் பட்டது. நூல்பெட்டி ஒருமுறைகூட விழவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் எனக்கு ஆடப் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. தலைவலி என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வாய் வரை சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்து ரப்பர் தேய்ந்த இடங்களைப் பார்த்தார். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லீறாத" என்றார். "நோட்டே பொய்யின்னு தெரிஞ்சா நாளைக்குத் தறிக்காரன் ஒவ்வொருத்தனும் மீட்டர் சரியான்னு கேப்பான்."

நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த கோடையில் ஸ்கோர் எழுத வேறு பையன் வந்தான். செல்வண்ணன் அதற்கு முன்பே, பைனல் முடிந்து ஒரு மாதத்துக்குள், சம்பளத்தை வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். போகும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னிடம் சொல்லச் சொன்னாராம். அம்மாதான் சொன்னார்.

அப்பா இறந்து பீரோவைத் திறந்தபோது நோட்டு அங்கேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இரண்டு வருடங்களுக்கு முன் வால்பாறை பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, அவர் இருந்த எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். லைன் வீட்டு வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

"கண்ணு தானுங்களே!" என்றார். இடுப்பில் கை போனது.

டீ கொடுத்தார். டீத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு நெருங்குகிறது என்றார். அம்மா கொழுந்து பறித்துக்கொண்டே இருந்து, இதே வீட்டில் இறந்திருந்தார். "இப்பப் பந்து போடறதுண்டுங்களா?" என்று கேட்டேன். "எங்கீங்க? இங்க பசங்க ஆடறாங்க, நான் அம்பயரு. ஒய்டு குடுக்கறதுல என்ன மாதிரி கறாரான ஆள் இந்த மலையிலேயே கெடையாது" என்று சிரித்தார்.

நோட்டை எடுத்து நான் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரிப்பு நிற்பதைப் பார்க்கத் தைரியமில்லாமல் நோட்டையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். அந்தச் சந்தில் ஆடியதைப் பற்றியும்.

நோட்டைத் தன் பக்கம் திருப்பி, "அப்ப நான் போட்டது எத்தனைங்க?" என்றார்.

"அஞ்சு."

"மூணு மேட்ச்சுக்குமா?"

"மூணுக்கும் சேர்த்து."

உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையோடு வந்து நின்றார். "இவங்க சொல்றதக் கேளு" என்றார். என்னிடம், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஒய்டு என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனால் கணவரின் முகத்தைப் பார்த்து, சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

"எங்கம்மா கேட்டுச்சுங்க, ஏன்டா மில்லுல எடுக்கலன்னு" என்றார் செல்வண்ணன். "என் கை நேரா வரலம்மான்னு சொன்னேன். சாகற வரைக்கும் அது என் கையப் புடிச்சு நீவி விட்டுட்டே இருந்துச்சு."

தன் மகன் வேலையில்லாமல் சும்மா இருப்பதாக முன்பே சொல்லியிருந்தார். எங்கள் ஷெட்டுக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாமுங்க" என்றார். கோபமாக இல்லை. இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோல். நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

பஸ்வரை கூட வந்தார். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நோட்டப் பாத்ததுக்கு அப்பறம் வேகமாப் போடவே எனக்குப் பயமாயிருச்சுங்க. உங்களுக்குச் சந்துல போட்டனே, அப்பவே. எங்கியாவது நேரா விழுந்தாப் போதும்னு எடுத்து வெக்கற மாதிரி போட்டேன்." பஸ் வந்ததும், "பாத்துப் போங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். எடுத்தார். மழை எப்படி, பஸ் எப்படி என்று மரியாதையாகப் பேசினார். இரண்டு முறையும் சார் என்றுதான் கூப்பிட்டார். மூன்றாவது முறை நான் செய்யவில்லை.

அந்த மூன்று நாட்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் இரண்டடி நடந்து வந்து மெதுவாகப் பந்தை விட, நான் ஒவ்வொன்றாக அடிக்க, அவர் பஞ்சு ஒட்டிய கையால் தட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஆடத் தெரிந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.